பிரிண்டர் பேச மறுப்பது ஏன்? ஒரு சின்ன வரலாறு



2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது நினைவிருக்கும். இன்று கடதாசி இருக்கிறது, டோனர் இருக்கிறது. ஆனாலும் பரீட்சைக்கு முந்தின நாள் பார்த்து, பிரிண்டரோடு இணைக்க முடியவில்லை என்கிறது கணினி. பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை என்றால் வினாத்தாளைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு பதுளை டவுனுக்கு பஸ் ஏற வேண்டும். அந்தச் செலவு கடைசியில் யார் தலையில் விழும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

பழுது பெரும்பாலும் பிரிண்டரில் இல்லை. காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் சேர்வர் ஒரு பாஷை பேசுகிறது, ஆசிரியர்களின் விண்டோஸ் கணினி வேறு பாஷை பேசுகிறது. இரண்டையும் பேச வைத்த கதை பழையது.

1980 அளவில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுகூடத்துக்கு ஸெரொக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. கடதாசி அடிக்கடி சிக்கியது. சிக்கினால் எல்லோருக்கும் செய்தி போகும்படி மென்பொருளைத் திருத்த ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார். மூல நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். 1983 இல் அவர் அறிவித்த க்னூ திட்டத்துக்கு அந்த மறுப்பும் ஒரு காரணம்.

1991 கடைசியில் அவுஸ்திரேலியாவின் கன்பராவில், ஆய்வு மாணவர் அன்ட்ரூ டிரிட்ஜல், கணினிகள் கம்பி வழியே பேசுவதை ஒட்டுக்கேட்டு அந்தப் பாஷையைக் கற்றார். கையில் இலக்கணப் புத்தகம் இல்லை. அவர் எழுதிய மென்பொருளுக்கு 1994 இல் சம்பா என்று பெயர் வந்தது. நம் சோற்றுச் சம்பா அல்ல! எஸ்எம்பி என்ற பாஷையின் மூன்று எழுத்தும் வரும் சொல்லை அகராதியில் தேடியபோது அகப்பட்ட பெயர் அது. 1999 இல் மைக்கேல் ஸ்வீட்டின் கப்ஸ் வந்தது. லினக்ஸில் அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்புவது அதுதான்.

2004 இல் ஐரோப்பிய ஆணைக்குழு, பாஷையின் விபரங்களை வெளியிடும்படி மைக்ரோசொஃப்ட்டுக்கு உத்தரவிட்டது. 2007 இல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில் 10,000 யூரோ கட்டணத்துக்குச் சம்பா குழுவினருக்கு அந்த ஆவணங்கள் கிடைத்தன.

பிறகு ஏன் இன்னும் நிற்கிறது? 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற வைரஸ் எஸ்எம்பியின் முதலாம் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகப் பரவி, பிரித்தானிய வைத்தியசாலைகளைக்கூட முடக்கியது. அந்த ஆண்டு ஒக்டோபரிலிருந்து புதிய விண்டோஸ் 10 இல் அந்தப் பதிப்பு தானாக வருவதில்லை. பழைய பதிப்பை மட்டும் பேசும் சேர்வர் அதன் கண்ணுக்குத் தெரியாது. 2021 இல் விண்டோஸின் அச்சுச் சேவையிலேயே பெரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. அந்த ஓகஸ்டிலிருந்து, பகிரப்பட்ட பிரிண்டரின் டிரைவரைப் போட நிர்வாகி கடவுச்சொல் கேட்கிறது.

ஆகவே இது கதவுக்குப் போட்ட பூட்டு. பாதுகாப்பை நிறுத்திவிட்டால் வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பிள்ளைகளின் புள்ளிகளும் அதே கணினியில்தான் இருக்கின்றன.

நாம் செய்யக்கூடியது இதுதான். முதலில் சேர்வரிலிருந்தே ஒரு சோதனைப் பக்கம் அடித்துப் பாருங்கள். வந்தால் பிரிண்டர் நலம். அடுத்து, விண்டோஸிலிருந்து சேர்வரின் ஐபி இலக்கம் எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டினால், கப்ஸில் பகிர்வைத் திறந்துவிட்டு, 631 ஆம் போர்ட் வழியாக ஐபிபி முறையில் பிரிண்டரைச் சேருங்கள். இரு தரப்புக்கும் தெரிந்த பொதுப் பாஷை அது, சம்பாவே தேவைப்படாது. சம்பா வழியாகத்தான் வேண்டும் என்றால் அதைப் புதுப்பித்து, இரண்டாம் பதிப்புக்கு மேல் வையுங்கள்.

செய்ததைப் பாடசாலைக் கொப்பியில் எழுதி வையுங்கள். தெரிந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனாலும் வினாத்தாள் வரவேண்டும். டிரிட்ஜலுக்குக் கிடைக்காத இலக்கணப் புத்தகம் நமக்குப் பின்னால் வருபவர்களுக்காவது கிடைக்கட்டும்.