வலைப்பதிவு வருவாய்

வலைப்பதிவு வருவாய்: இணையத்தில் தொடர்ந்து எழுதுபவர் விளம்பரம், பொருள் பரிந்துரைக்கான தரகு, நிறுவனங்களுக்கான கட்டணப் பதிவு, மின்னூல் விற்பனை ஆகியவற்றால் ஈட்டும் பணம். இவற்றுள் பரவலானது விளம்பரம்.

பதிவுகளில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் சேவை 2003இல் தொடங்கியது. தமிழ் வலைப்பதிவும் அதே ஆண்டளவில் தளிர்த்தது. 2004இல், பதிவுகளை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டும் தமிழ்மணம் திரட்டி வந்தது. ஆயினும் தமிழ் மொழியை ஆட்சென்ஸ் முறைப்படி ஏற்றது 2018 பிப்ரவரியில்தான். எழுத்து செழித்த காலத்தில் காசுக்கு வழியில்லை. வழி பிறந்தபோது எழுதியவர்களில் பலர் முகநூலுக்குப் போய்விட்டிருந்தனர்.

ஆட்சென்ஸ் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், முகவரியைச் சரிபார்க்க ஆறிலக்க எண் அஞ்சலில் அனுப்பப்படுகிறது. இருப்பு 100 டாலரைத் தொட்டால், அடுத்த மாதம் 21ஆம் தேதிக்குப் பின் பணம் வங்கிக்கு வரும். தமிழ்ப் பக்கங்களுக்கு விளம்பர விலை ஆங்கிலத்தைவிடக் குறைவு. எனவே பெரும்பாலோருக்கு இது கைச்செலவுக்கான துணை வருமானமே.

அமேசான் கிண்டில் 2016 டிசம்பரில் தமிழ் நூல்களை விற்கத் தொடங்கியபின், பழைய பதிவுகளைத் தொகுத்து மின்னூலாக்குவது மற்றொரு வழியாயிற்று. இந்தியாவில் வாழ்வோரின் இவ்வருவாய் அனைத்தும் இந்திய வருமான வரிச் சட்டத்துக்கு உட்பட்டது.