கோயில் வரியிலிருந்து ஆற்று நீர் வரை: தானா ராத்தா தொண்டர்களின் கதை

கேமரன் மலை என்றதும் குளிரும் தேயிலையும் நினைவுக்கு வரும். நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885ஆம் ஆண்டிலேயே அங்கே வந்து போய்விட்டார். ஆனால், 1929இல் ஜே.ஏ.ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய பிறகுதான் அந்தக் காட்டில் தேயிலைப் பச்சை படர்ந்தது. 1931இல் தாப்பாவிலிருந்து சாலை வந்தது. 1933இல் பாரத் தோட்டமும் உருவானது. அந்தச் சரிவுகளில் கன்று நட்டு, கொழுந்து பறித்தவர்களில் நம் தமிழர்கள் ஏராளம்.

தோட்ட வாழ்க்கையில் லயம், மருந்து, தண்ணீர் எல்லாமே நிர்வாகத்தின் கையில்தான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளிக்கூடத்தையும் தோட்டத்தின் பொறுப்பில் விட்டது. தொழிலாளர்கள் தாங்களே கூடி நடத்தியது பெரும்பாலும் கோயில் ஒன்றைத்தான். சம்பள நாளில் வரி வசூல், திருவிழாவுக்குப் பந்தல், அன்னதானத்துக்கு அரிசி என்று ஆளுக்கொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்கள். பொதுத் தொண்டின் பாலபாடம் அங்கேதான் நடந்தது. கூடவே, தோட்டத்துக்கு வெளியே நடப்பது நம் பாடு அல்ல என்ற எண்ணமும் வளர்ந்தது. இது கசப்பான உண்மை.

ஆறு அந்த எல்லையை மதிக்கவில்லை. தேயிலை பல ஆண்டுகள் நிற்கும் செடி. நெருக்கமாகப் படர்ந்து மண்ணை மூடிக்கொள்ளும். காய்கறிப் பயிர் அப்படியல்ல. சில மாதங்களுக்கு ஒருமுறை பாத்தியைக் கிளற வேண்டும். பிளாஸ்டிக் கூரைகளில் விழும் மழையும் மண்ணுக்குள் இறங்காமல் வழிந்து ஓடிவிடும். சரிவுகள் வெட்டப்பட வெட்டப்பட, சேறு ஆற்றில் இறங்கியது. 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் ஏரியில் வண்டல் குவிந்தது.

இந்நிலையில்தான் 2001ஆம் ஆண்டில் உள்ளூர் மக்கள் சேர்ந்து 'ரீச்' என்ற சுற்றுச்சூழல் விழிப்புணர்வு அமைப்பைத் தொடங்கினர். மரம் நட்டார்கள், மறுசுழற்சியைப் பழக்கினார்கள். அதோடு நிற்காமல் ஆற்று நீரைச் சோதித்து, காடு அழிவதைப் பத்திரிகைகளுக்கும் அதிகாரிகளுக்கும் எடுத்துச் சொன்னார்கள். குப்பை பொறுக்கினால் மாலை போட்டுப் படம் எடுப்பார்கள். மலையை வெட்டியது யார் என்று கேட்டால் அந்த மாலை கிடைக்காது. அப்படிக் கேட்பதும் தொண்டுதான். சொல்லப்போனால் அதுதான் கடினமான தொண்டு.

2013 அக்டோபர் 23ஆம் தேதி அதிகாலை, நிரம்பிய அணையிலிருந்து நீர் திறந்து விடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியாயின. வீடுகளும் வாகனங்களும் சேற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அடுத்த ஆண்டு நவம்பரில் ரிங்லெட் பகுதியில் மீண்டும் சேற்று வெள்ளம், மீண்டும் சாவு. அதன் பிறகே சட்டவிரோத நில அழிப்புக்கு எதிரான நடவடிக்கை சூடு பிடித்தது. தொண்டர்கள் எச்சரிக்கத் தொடங்கி அதற்குள் பத்தாண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.