ஊர் மாற்றமும் குடும்பச் செலவும்: மதுரை–பெங்களூரு ஒப்பீட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

மதுரையில் மாதம் 40,000 ரூபாயில் நடக்கும் குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தால் அதே தரத்தில் வாழ எவ்வளவு வேண்டும்? கேட்டவுடன் ஒரு சதவீதத்தைச் சொல்லிவிடுகிறவர்கள் நிறைய. அந்த ஒற்றை எண்ணை நம்பிச் சம்பளம் பேசக் கூடாது என்பது இக்கட்டுரையின் வாதம். விலை ஊரைப் பொறுத்தது. செலவு குடும்பத்தைப் பொறுத்தது. ஒரே குடும்பம் இரண்டு ஊர்களிலும் என்ன வாங்கும், எதை விலையில்லாமல் பெறும் என்ற கணக்கே இங்கு வேண்டும்.

2. குறியீட்டெண் எதற்கு உதவாது

தொழிலாளர் பணியகம் வெளியிடும் தொழில்துறைத் தொழிலாளருக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஊர்வாரியாகக் கிடைக்கிறது. எனவே இரண்டு ஊர்களின் எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடத் தோன்றும். அது தவறு. 2016 அடிப்படை ஆண்டான அந்த வரிசையில் ஒவ்வொரு மையத்துக்கும் தொடக்க மதிப்பு 100. ஓர் ஊரின் எண் 140, இன்னோர் ஊரின் எண் 135 என்றால், முதல் ஊரில் விலை வேகமாக ஏறியிருக்கிறது என்றுதான் பொருள். அங்கே வாழ்வது செலவு கூடியது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. அது காலத்தை ஒப்பிடும் கருவி, இடத்தை ஒப்பிடாது.

2012 அடிப்படையிலான அகில இந்தியக் குறியீட்டெண்ணிலும் ஒரு குறை இருந்தது. நகர்ப்புறத்தில் வீட்டு வசதிக்கு 21.67 சதவீத எடை தரப்பட்டது. கிராமப்புறத்தில் அந்தத் தலைப்பே இல்லை. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வருகிறவரின் தலையாய செலவு வாடகை. அதை அளக்காத எண் அவருக்கு எப்படி வழிகாட்டும்?

3. வறுமைக் கோட்டில் ஒளிந்திருக்கும் ஒப்பீடு

இடவாரி விலை வேறுபாட்டைக் கணக்கில் எடுத்த அரசு ஆவணங்கள் குறைவு. சுரேஷ் டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12க்கு வகுக்கப்பட்ட மாநிலவாரி வறுமைக் கோடு அவற்றுள் ஒன்று. தலைக்கு மாதம் நகர்ப்புறத் தமிழ்நாட்டில் 937 ரூபாய், நகர்ப்புறக் கர்நாடகத்தில் 1,089 ரூபாய்: ஏறத்தாழ 16 சதவீத வேறுபாடு. கேரளத்தில் கிராமக் கோடு 1,018, நகரக் கோடு 987. கிராமம் என்றால் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்கள் இந்த இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்.

இதனோடு 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வை வைத்துப் பார்க்கலாம். நகர்ப்புறத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு தமிழ்நாட்டில் 7,630 ரூபாய், கர்நாடகத்தில் 7,666 ரூபாய். கிட்டத்தட்ட சமம். எனவே விலையும் சமம் என்று முடிவு கட்டலாகாது. செலவு என்பது விலையும் அளவும் சேர்ந்தது. விலை கூடிய இடத்தில் குறைவாக வாங்கியும் மக்கள் சமாளிப்பார்கள். மேலும் மாநிலச் சராசரியில் பெங்களூரும் ராய்ச்சூரும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இந்த எண்கள் திசையைக் காட்டும், தொகையைக் காட்டா.

4. வாடகை

அரிசியும் பருப்பும் லாரியில் போகும். அதனால் அவற்றின் விலை ஊருக்கு ஊர் பெரிதாக விலகுவதில்லை. வீட்டு மனை நகராது. வேலை குவியும் இடத்தில் வாடகை ஏறுகிறது. அங்கே கிடைக்கும் கூடுதல் சம்பளத்தில் ஒரு பகுதி நேரே வீட்டுக்காரரிடம் போய்ச் சேர்கிறது. ஜெனிஃபர் ரோபாக் 1982இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, கூலி, வாடகை, ஊரின் வசதிகள் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பதை ஆராய்ந்தது. பெங்களூரின் குளிர்ந்த காற்றுக்கும் ஒரு விலை உண்டு; அது வாடகைச் சீட்டில் எழுதப்படுவதில்லை, அவ்வளவுதான்.

மத்திய அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி இந்த வேறுபாட்டை ஓரளவு ஏற்கிறது. அகவிலைப்படி 50 சதவீதத்தை எட்டிய பின், 2024 ஜனவரி முதல், எக்ஸ் வகை நகரங்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30, ஒய் வகைக்கு 20, இசட் வகைக்கு 10 சதவீதம். மதுரை ஒய், பெங்களூரு எக்ஸ். அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால் படி 10,000இலிருந்து 15,000 ஆகும். வாடகை அந்த 5,000க்குள் மட்டும் கூடும் என்று யாரும் உறுதி தர முடியாது. இதில் ஒரு வேடிக்கையும் இருந்தது. படிக்குப் பெருநகரமான பெங்களூரு, 1962 வருமான வரி விதிகளின் காலத்தில் வரிவிலக்குக்கு அப்படி இருக்கவில்லை. அந்த விதிகளில் 50 சதவீத வரம்பு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்குக்கு மட்டுமே இருந்தது. பெங்களூருக்கு மதுரையைப் போலவே 40தான்.

அட்வான்ஸைப் பலர் செலவாகவே எண்ணுவதில்லை, எப்படியும் திரும்பி வருமே என்று. வாடகை 25,000, முன்பணம் பத்து மாதம் என்று கேட்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். 2,50,000 ரூபாய் வட்டியில்லாமல் முடங்குகிறது. ஆண்டுக்கு 7 சதவீத வட்டி என்றால் இழப்பு 17,500. மாதத்துக்கு ஏறத்தாழ 1,460. வாடகையோடு இதைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்கப் பிடித்துக்கொள்ளும் தொகை தனி. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அந்த ‘இல்லாவிட்டால்’ வழியாகவே பழைய வழக்கம் தொடர்கிறது.

அடுக்ககம் என்றால் மெயின்டனன்ஸ். தண்ணீர் அதற்குள் இருக்கிறது. 2024 கோடையில் பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, லாரித் தண்ணீருக்கு மாவட்ட நிர்வாகம் விலை வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. வீடு பார்க்கும்போது காவிரி இணைப்பு உண்டா, லாரியை நம்பியதா என்று கேட்பது வாடகையைக் கேட்பதற்குச் சமம்.

5. கூட வராதவை

எந்த விலைப்பட்டியலிலும் ஏறாத பகுதி இது. என் பார்வையில் குடும்பங்கள் அதிகம் சறுக்கும் இடமும் இதுவே.

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கர்நாடகத்தின் கிருஹ ஜோதி மாதம் 200 யூனிட் வரை தருகிறது; ஆனால் கிடைக்கும் அளவு பழைய சராசரி நுகர்வைச் சார்ந்தது, புதிதாகக் குடிவருகிறவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். மதுரையில் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கர்நாடகத்தின் சக்தி திட்டம் அம்மாநில முகவரி காட்டும் பெண்களுக்கு மட்டும். ஆதாரில் முகவரி மாறும்வரை டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஒரே நாடு ஒரே குடும்ப அட்டையில் மத்திய அரசின் தானியம் கூட வரும். 30 ரூபாய்த் துவரம் பருப்பும் 25 ரூபாய்ப் பாமாயிலும் தமிழ்நாட்டு ரேஷன் கடையோடு நின்றுவிடும். கட்டட வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இந்த இழப்பு சிறியதல்ல.

இவற்றைவிடப் பெரியது, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அப்பத்தா. அவர் ஊரிலேயே இருந்துவிட்டால், காப்பகக் கட்டணம் ஒரு புதிய செலவாக முளைக்கிறது. அல்லது மனைவி வேலையை விடுகிறார். இரண்டாவது நடந்தால் மற்ற எல்லா ஒப்பீடும் வீண்.

மாநிலம் மாறுவதால் தொழில்வரி கூடுமோ என்ற கவலை மட்டும் வேண்டாம். அரசமைப்புச் சட்டத்தின் 276ஆவது பிரிவு அதை ஆண்டுக்கு 2,500 ரூபாயில் நிறுத்திவிட்டது.

6. இரு கூடை முறை

எடியென் லாஸ்பேயர் 1871இலும் ஹெர்மன் பாஷே 1874இலும் முன்வைத்த வாய்பாடுகள் காலத்துக்காக எழுந்தவை; இடத்துக்கும் பொருந்தும். முதலில் மதுரைக் கூடையை அப்படியே பெங்களூர் விலையில் கணக்கிட வேண்டும். 40,000 ரூபாய்க் கூடை 52,000 ஆனால் விகிதம் 1.30. இது மிகைக் கணக்கு, ஏனெனில் போன இடத்தில் எவரும் பழைய கூடையையே கட்டிக்கொண்டு இருப்பதில்லை. நல்லெண்ணெய் குறையும், இருசக்கர வண்டிக்குப் பதில் மெட்ரோ வரும்.

அடுத்து, அங்கே ஏற்கெனவே இருக்கும் உறவினர் ஒருவரின் மாதக் கணக்கை வாங்கி, அந்தக் கூடையை மதுரை விலையில் போட வேண்டும். அங்கே 46,000, இங்கே 38,000 என்றால் விகிதம் 1.21. இது குறைக் கணக்கு. அந்த உறவினர் விட்டுக்கொடுத்தவை இதில் இல்லை. இரண்டின் பெருக்குச் சராசரி ஏறத்தாழ 1.25. ஆக, 40,000க்கு 50,000. அதன்மேல் முன்பணத்தின் வட்டியையும் ஐந்தாம் பிரிவின் இழப்புகளையும் தனி வரிகளாகக் கூட்ட வேண்டும். விகிதத்துக்குள் கலந்துவிடக் கூடாது. அப்போதுதான் ஆதார் முகவரி மாறியதும் எந்த வரியை அடிக்கலாம், குழந்தை பள்ளிக்குப் போனதும் எது குறையும் என்பது தெரியும். முதலாண்டின் பற்றாக்குறையும் மூன்றாம் ஆண்டின் பற்றாக்குறையும் ஒரே தொகையாக இருக்க வேண்டியதில்லை. சம்பளப் பேச்சில் முன்வைக்க வேண்டியது முதலாண்டின் எண்.