ஐந்நூறு பவுண்டு ஜன்னல்

பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் தெருமுனை அம்மன் கோவிலில் நாலு ட்யூப் லைட். நாலிலும் சிவப்புப் பெயின்டில் உபயதாரர் பெயர், அப்பா பெயர், பேரன் பேத்தி பெயர் வரை எழுதியிருக்கிறது. மிச்சமிருக்கிற இடத்தில்தான் வெளிச்சம் வரவேண்டும். அந்த வெளிச்சத்தில் நின்றுதான் எதிர்வீட்டு அக்கா ஒருநாள் என்னிடம் கேட்டார். வீட்டுக்காரர் போய் வருஷம் திரும்பப் போகிற சமயம்.

“தம்பி, வருஷ திதிக்கு ஐம்பது பேருக்குச் சாப்பாடு போடணும்ங்கறாங்க. அவரு கடைசி ரெண்டு மாசம் ஒரு வாய் சோறு இறங்காம கெடந்தாரு. இப்ப நான் ஊருக்குப் பந்தி வச்சா அவருக்குப் போய்ச் சேருமா? கடைசில வந்து புண்ணைத் தொடைச்சு, வலிக்கு மருந்து கொடுத்துப் பாத்துக்கிட்டாங்களே, அந்த மாதிரி எடத்துக்குக் கொடுத்தா ஆகாதா?”

ஆகும் அக்கா, என்றேன். அந்த மாதிரி இடம் பிறந்ததே அப்படித்தான் என்று அவரிடம் சொல்ல நினைத்து, ரோட்டில் தண்ணி லாரி ஹார்ன் அடித்ததில் விட்டுப்போன கதை இது.

1947. லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி வார்டு. டேவிட் டாஸ்மா என்று ஒரு மனிதர், வயது நாற்பது. போலந்திலிருந்து வந்து சேர்ந்த யூதர், ஓட்டலில் பரிமாறுகிற வேலை. புற்றுநோய் முற்றிவிட்டது. தலைமாட்டில் உட்கார உறவு என்று யாருமில்லை. அவரைப் பார்க்க வந்துகொண்டிருந்தவர் சிசிலி சாண்டர்ஸ், ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர். சாகப்போகிறவர்கள் வலியில்லாமல், மனசு கலங்காமல் இருக்க ஓர் இடம் வேண்டும் என்று இருவரும் பேசிப் பேசி, இல்லாத ஒரு வீட்டை அந்தக் கட்டிலருகில் கட்டினார்கள். 1948 பிப்ரவரியில் டாஸ்மா இறந்தார். சிசிலிக்கு 500 பவுண்டு விட்டுப்போயிருந்தார். உங்கள் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று அவர் சொல்லியிருந்தாராம்.

வீடே இல்லை, ஜன்னலுக்குப் பணம் வந்துவிட்டது. சிசிலி அதற்கப்புறம்தான் மருத்துவம் படித்தார். டாக்டரானது 1957-ல். தெற்கு லண்டன் சிடன்ஹாமில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறந்தது 1967-ல். ஜன்னலைச் சுற்றி வீடு எழும்ப 19 வருஷம். 2017-ல் தொடங்கி வருஷக்கணக்கில் வெறும் தூணாகவே நின்ற ஈஜிபுரா மேம்பாலத்தைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு அது பெரிய கணக்காகத் தோன்றாது. செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் வாசல் பக்கம் டாஸ்மாவின் ஜன்னல் இன்றும் இருக்கிறது. நாமாக இருந்தால் கண்ணாடி முழுக்கப் பெயர் எழுதியிருப்போம்.

இன்று உலகெங்கும் ஹாஸ்பிஸ் என்று நாம் அறிகிற இடங்களுக்கெல்லாம் முதல் உபயம் அந்தப் பரிமாறுகிறவரின் காசு. சாவை ஒட்டிக் காசு கொடுக்கிற வழக்கம் ஊரோடு ஒட்டிக்கொண்டது. கிறிஸ்துமஸ் சமயத்தில் இங்கிலாந்து ஹாஸ்பிஸ்களில் மரத்தில் விளக்கு ஏற்றுகிறார்கள். இறந்தவர் நினைவாக ஆளுக்கொரு விளக்கு, அதற்கொரு தொகை. நம்ம கார்த்திகை விளக்குதான், ரசீதோடு.

நம் பக்கத்திலும் ஒரு மரணத்திலிருந்து ஆஸ்பத்திரி எழுந்த கதை உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தைப் பல வருஷம் சுமந்து, பணம் திரட்டி, 1954-ல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறக்கவைத்தார். ஆரம்பத்தில் 12 படுக்கை. ஆனால் அது பிழைக்கவைக்கிற இடம். பிழைக்க மாட்டார் என்று தெரிந்தபின் போக ஓர் இடம் இந்தியாவில் முதலில் வந்தது 1986-ல், மும்பையில், சாந்தி அவேத்னா.

பெங்களூருக்கு அது வர இன்னும் எட்டு வருஷம். இந்தியன் கேன்சர் சொசைட்டியின் கர்நாடகக் கிளையும் இந்திராநகர் ரோட்டரி சங்கமும் சேர்ந்து 1994-ல் பெங்களூர் ஹாஸ்பிஸ் டிரஸ்ட்டைத் தொடங்கின. முன்னால் நின்றவர் கிஷோர் ராவ். கட்டடம் இல்லாமலே வேலை ஆரம்பமானது. நர்ஸும் ஆலோசகரும் வீடு வீடாகப் போனார்கள். அப்புறம் அரசு நிலம் கொடுத்தது. 1999-ல் குந்தலஹள்ளி கேட் பக்கம் 50 படுக்கையோடு டிரஸ்ட்டின் ஹாஸ்பிஸான கருணாஸ்ரயா திறந்தது. கட்டடக் கலைஞர் சஞ்சய் மோஹே. கல் சுவர், நடுவில் நீர்ப்பரப்பு, படுத்திருக்கிறவர் கண்ணுக்குத் தோட்டம். ஆஸ்பத்திரி வாசனை மூக்கில் ஏறிய குடும்பத்துக்கு அதுவே பாதி மருந்து. யாரிடமும் கட்டணம் கிடையாது. ஈஜிபுராவிலிருந்து தொம்லூர் ஏறி, எச்ஏஎல் தாண்டி, மாரத்தஹள்ளி டிராஃபிக்கில் பாதி ஆயுளைக் கழித்தால் போய்ச் சேரலாம்.

கட்டணம் கிடையாது என்றால் செலவு கிடையாது என்று அர்த்தமில்லை. இங்கே பெரிய மெஷின் எதுவும் இல்லை. இருப்பது மனுஷக் கை. வாய்ப்புற்று வெடித்த புண்ணில் நாற்றம் கிளம்பினால் வீட்டு ஆட்களே கதவோரம் நின்றுதான் பேசுவார்கள். நர்ஸ் வந்து உப்புத் தண்ணீரில் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்து மேலே தூவுவார். நாளுக்கு நாள் நாற்றம் குறையும். கதவோரம் நின்றவர்கள் கட்டிலருகில் வந்து உட்காருவார்கள். மாத்திரை விலை சில ரூபாய்தான். அதைப் பொடித்துத் தூவ ஓர் ஆள் மூன்று மாடி ஏறி வரவேண்டும், மறுபடியும் வரவேண்டும். பணம் அங்கேதான் கரைகிறது.

இதற்கு வசூல் செய்வது லேசில்லை. இதய ஆபரேஷனுக்குப் பணம் கேட்டால், பிழைத்த குழந்தையின் போட்டோவைக் காட்டலாம். ஸ்கேன் மெஷின் வாங்கித் தந்தவருக்குக் கல்வெட்டு வைக்கலாம். இங்கே எழுந்து நடந்து வந்து நன்றி சொல்ல ஆள் இல்லை. கடைசி வாரம் வலி இல்லாமல் போனது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் ஹாஸ்பிஸுக்கு நினைவுப் பணம் என்பது வசூல்காரர்கள் யோசித்துக் கண்டுபிடித்த உத்தி என்று எனக்குத் தோன்றவில்லை. சாட்சி சொல்ல மிச்சமிருப்பவர்கள் அப்படிப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள்தான். டாஸ்மா தானே சாட்சி சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்கா ஐயாயிரம் ஒதுக்கியிருந்தார். ரொக்கமாக இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்தால் 80ஜி வரிச்சலுகை கிடைக்காது என்று நான் ஆரம்பித்தேன். “வரி கட்டற மூஞ்சியா இது?” என்று சிரித்தார். என் மொபைலில்தான் நன்கொடை ஃபாரம் நிரப்பினோம். கொடுப்பவர் பெயர், ஊர், பான் நம்பர் எல்லாம் ஓடிற்று. ‘யார் நினைவாக’ என்ற கட்டத்தில் நின்றுவிட்டார்.

“ரேஷன் கார்டுல இருக்கிற பேரா, வீட்டுல கூப்பிடற பேரா?”

எது வேண்டுமானாலும் போடலாம் அக்கா, என்றேன்.

முந்தானையால் மொபைல் கண்ணாடியை ஒரு தடவை துடைத்தார். “கூப்பிடற பேரே போடு. ரேஷன் கார்டு பேரைச் சொன்னா அவரு என்னிக்குத் திரும்பிப் பாத்தாரு?”