இரத்தத்தைத் திருப்பி அனுப்பிய பட்டி

"இரத்தம் சிந்தாத சத்திரசிகிச்சையை உலகுக்குத் தந்தவர் அஸ்-ஸஹ்ராவி" என்று கல்முனையில் ஒரு மீலாத் விழா மேடையில் நானும் பேசியிருக்கிறேன். சபையோர் தக்பீர் முழங்கினார்கள்.

பின்னொரு காலம் என் வலது மணிக்கட்டில் சத்திரசிகிச்சை நடந்தது. விறைக்கச் செய்த கையை உயர்த்திப் பிடித்து, விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி ஒரு றப்பர் பட்டியை இறுக்கிச் சுற்றினார்கள். மேற்கையில் கட்டியிருந்த பைக்குக் காற்றேற்றிய பின் பட்டியைக் கழற்றினார்கள். கை மெழுகாய் வெளுத்திருந்தது. "எஸ்மார்க் பட்டி" என்றார் வைத்தியர். என் மேடை வசனம் அங்கேயே என்னை உறுத்தத் தொடங்கிற்று.

குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்-ஸஹ்ராவி கி.பி. 1000 அளவில் நிறைவுசெய்த 'கிதாபுத் தஸ்ரீப்' 30 பாகங்களைக் கொண்டது. இறுதிப் பாகம் சத்திரசிகிச்சை பற்றியது. அழுகிய உறுப்பை அகற்றுகையில், வெட்டுமிடத்துக்கு மேலொன்றும் கீழொன்றுமாகத் துணிப்பட்டி கட்டி, உதவியாளர் இருவர் இருபுறமும் இழுக்க, நடுவே வெட்டும்படி அதில் சொல்கிறார். பீறிடும் இரத்தத்தைச் சூட்டுக்கோலால் நிறுத்துகிறார். ஆக, அவரிடம் கட்டு உண்டு. உறுப்பில் நிற்கும் இரத்தத்தை முன்கூட்டியே உடலுக்குள் திருப்பி அனுப்பும் முறை இல்லை.

அந்த முறை 19ஆம் நூற்றாண்டுக்குரியது. 1860களில் கிளாஸ்கோவில் லிஸ்டர், உறுப்பைச் சில நிமிடம் உயர்த்திப் பிடித்து இரத்தம் வடிந்த பின் கட்டினார். போர்க்களங்களில் அனுபவம் பெற்ற ஜெர்மானியர் எஸ்மார்க், 1873இல் றப்பர் பட்டியால் அதைப் பிழிந்தே அனுப்பினார். துணி இப்படிச் சீராகப் பிழியாது. இழுபட்டுச் சுருங்கும் றப்பரே பிழியும். இலங்கையின் ஹெனரத்கொடைக்கு றப்பர் நாற்று வந்ததே 1876இல்தான். மேலே இறுக்கிய கட்டு நரம்புகளை நசுக்கியதால், 1904இல் அமெரிக்கரான குஷிங் அதற்குப் பதிலாகக் காற்றுப்பையைக் கொணர்ந்தார்.

இன்னொன்றும் அறிந்தேன். சீழ்பிடித்த உறுப்பைப் பிழியக் கூடாது. நஞ்சு உடலுக்குள் ஏறிவிடும். அங்கே உயர்த்திப் பிடிப்பதோடு நிறுத்திவிடுவார்கள். அஸ்-ஸஹ்ராவி வெட்டியவை அழுகிய உறுப்புகள். எஸ்மார்க்கின் பட்டி கையிலிருந்தாலும் அவற்றில் சுற்றியிருக்க முடியாது.

ஏறத்தாழ 200 கருவிகளை வரைந்து விளக்கியவர் அவர். 12ஆம் நூற்றாண்டில் அவரது நூலை லத்தீனில் பெயர்த்து, ஐரோப்பா தலைமுறை தலைமுறையாகப் படித்தது. அவருக்கு இந்தப் பெருமைகளே போதும். எஸ்மார்க்குடையதைப் பிடுங்கி அவருக்குச் சூட்டினால், கேட்பவர் ஒருநாள் உண்மையறிந்து மற்றதையும் ஐயுறுவார். அந்த வசனத்தை இப்போது நான் பேசுவதில்லை.