மரோட்டி எண்ணெய்

கரமனை அக்ரஹாரத்தில் எங்காத்துப் பரணில் பாட்டி மூன்று குப்பிகள் வைத்திருப்பாள். ஒன்றில் வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு ஏழு நாள் வெயிலில் வைத்தது; பொடுகுக்கு. இன்னொன்றில் மஞ்சளும் வேப்பிலையும் சேர்த்துக் காய்ச்சியது. மூன்றாவது மரோட்டி எண்ணெய். சிரங்கு, படை என்றால் அதுதான். "விளக்குக்கும் பூச்சுக்கும் மாத்திரம்டா. வாயில பட்டா குடலே வெளில வந்துடும்" என்பாள். தமிழ்நாட்டில் இதை நீரடிமுத்து என்பார்கள். மரோட்டிக் காயைப் பாதியாக வெட்டி, ஓட்டில் எண்ணெய் விட்டுத் திருக்கார்த்திகைக்கு ஏற்றியது, இன்று பம்பாயிலும் பெங்களூரிலும் இருக்கும் நம் அங்கத்தினர் சிலருக்காவது நினைவிருக்கும்.

அந்தக் குப்பிக்குப் பெரிய சரித்திரம் உண்டு. மலபாரின் டச்சு அதிகாரி வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' நூலின் முதல் பாகத்திலேயே மரோட்டி படத்துடன் இருக்கிறது. அவருக்குச் செடிகொடிகளைச் சொல்லிக் கொடுத்தவர்கள் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணி பிராமணர்களும். லத்தீனில் இருந்த நூலை டாக்டர் கே.எஸ். மணிலால் ஆங்கிலத்தில் பெயர்க்க, நம்மூர் கேரள சர்வகலாசாலை 2003-ல் வெளியிட்டது.

மரோட்டியின் இனத்தைச் சேர்ந்த சால்மூக்ரா எண்ணெய்தான் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் குஷ்டரோகத்துக்கு உலகமெங்கும் கொடுக்கப்பட்ட மருந்து. குடித்தால் குமட்டல், ஊசியாகப் போட்டால் பொறுக்க முடியாத வலி. ஹவாயில் ஆலிஸ் பால் என்ற கறுப்பினப் பெண் ரசாயன நிபுணர் அதை உடம்பில் கலக்கும்படி பக்குவப்படுத்தினார். 1916-ல் 24 வயதிலேயே காலமாகிவிட்டார். நம் மரோட்டி எண்ணெயும் பிற்பாடு ஊசி மருந்தாயிற்று. ஆரம்ப நிலையில் சிலருக்குக் குணம் தெரிந்தது. நிச்சயமான மருந்து என்று சொல்வதற்கில்லை. 1940-களில் சல்போன் மருந்துகள் வந்ததும் அது ஒதுங்கியது. 1982-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைச் சிபாரிசு செய்தது. நோய் முழுக்கக் குணமாகிறது.

ஆகையால் பாட்டியின் எண்ணெய்மேல் எனக்குக் குறையில்லை. குறை, கூடவே வந்த நம்பிக்கையின் மேல்தான். தோலில் வெளுப்பு கண்டால் நாகதோஷம் என்று சர்ப்பக்காவில் நூறும் பாலும். அதற்கும் மிஞ்சினால் பூர்வஜன்ம பாபம். சாம்பன் சாபத்தால் குஷ்டம் பெற்றுச் சூரியனை உபாசித்து மீண்டான், மயூர கவி சூரிய சதகம் பாடி மீண்டார் என்றெல்லாம் கதை கேட்டே வளர்ந்தோம். அவற்றில் நோயாளிக்கு ஒரு ஆறுதல் இருக்கிறது. ஆனால் நம் ஜனங்கள் சாபத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று நார்வேயில் ஹான்சன் 1873-லேயே கண்டாயிற்று.

நான் பள்ளியில் படித்தபோது எங்கள் தெரு மாமா ஒருவருக்கு முழங்கையில் வெளிறிய தேமல். கிள்ளினால் தெரியாது. வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கும் சமயம், விஷயம் வெளியே தெரியக்கூடாது. பாட்டியின் குப்பிதான் ரகசியமாகப் போய்வந்தது. டாப்சோன் மாத்திரை கிடைத்த காலம் அது! மேலே எண்ணெய் பூசினால் நரம்புக்குள் இருக்கும் கிருமி சாகுமா? இரண்டு வருஷத்தில் விரல்கள் மடங்கிவிட்டன. பஞ்சபாத்திரத்தைப் பிடிக்க முடியாமல் அவர் இடது கையால் அணைத்துக்கொண்டது இன்னும் கண்முன் நிற்கிறது.

திருவிதாங்கூரில் ஸ்ரீசித்திரைத் திருநாள் காலத்தில், 1934-ல் நூறநாட்டில் குஷ்டரோக ஆஸ்பத்திரி ஏற்பட்டது. அங்கே குணமானவர்களையும் வீட்டார் திரும்ப ஏற்கவில்லை. தோப்பில் பாசியின் 'அஸ்வமேதம்' நாடகத்தின் கருவே அதுதான். சட்டம் மட்டும் என்ன வாழ்ந்தது? குஷ்டத்தைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற விதி ஹிந்து விவாகச் சட்டத்திலிருந்து 2019-ல்தான் நீங்கியது.

கேரளத்தில் வீடுவீடாக வந்து தொழுநோய் பரிசோதிக்கும் இயக்கத்துக்கும் 'அஸ்வமேதம்' என்றே பெயர். ஒரு தடவை இரண்டு பேர் வந்தார்கள். அடுத்தாத்து மாமி, "எங்காத்தில அதெல்லாம் கிடையாது" என்று கதவைச் சாத்தினாள். நான் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினேன். ஐந்து நிமிஷ வேலை.