வானத்து அடையாளங்களும் தாம்பரமும்: ஒரு வாசிப்பு வரலாறு

முன்னுரை

சூரியன் இருளடைவதும் சந்திரன் இரத்த நிறமாவதும் நட்சத்திரங்கள் உதிர்வதும் யோவேல், ஏசாயா, மத்தேயு, வெளிப்படுத்தின விசேஷம் ஆகிய நூல்களில் தீர்க்கதரிசனங்களாக வருகின்றன. இவை கண்ணால் காணப்போகும் நிகழ்வுகளா, அரசுகளின் வீழ்ச்சியைக் குறிக்கும் உருவகங்களா? தமிழ்க் கிறிஸ்தவ உலகமும் அதன் அண்டைப் பகுதிகளும் இதற்கு அளித்த விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. நேர்ப்பொருளா உருவகமா என்பதைவிட, அதனோடு தேதி சேர்க்கப்பட்டதா என்பதே விளைவைத் தீர்மானித்தது என்பது இதன் கருதுகோள்.

கணக்கும் எதிர்பார்ப்பும்

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தமது ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் ஐரோப்பிய வானியலைப் பாடுபொருளாக்கினார். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக் குருமடத்தின் டேனியல் பூவர், 1829 மார்ச்சில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை முன்வைத்து உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்பைப் பொதுவில் சோதித்தார். இவ்வாறு மிஷனரிக் கல்வியே கிரகணத்தைக் கணக்குக்கு உட்பட்ட இயற்கை நிகழ்வாகக் கற்பித்தது.

ஆனால் அதே நூற்றாண்டில் எதிர்த்திசையிலும் அலை எழுந்தது. 1833 நவம்பர் 13 அன்று வட அமெரிக்காவில் பொழிந்த விண்கற்களை, கிறிஸ்துவின் இரண்டாம் வருகையை எதிர்பார்த்த அட்வெண்டிஸ்டுகள் தீர்க்கதரிசன நிறைவேற்றமாக எண்ணினர். 1860இல் திருநெல்வேலிப் பகுதியில் நற்செய்திப் பணியாளர் அருளப்பன் வழியாகத் தொடங்கிய எழுப்புதல் பின்னர் திருவிதாங்கூரிலும் பரவியது. அங்கே தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப், 1881இல் கிறிஸ்து வருவார் என்று 1875இல் அறிவித்தார். அந்த ஆண்டு கடந்ததும் அவருடைய இயக்கம் தேய்ந்தது.

தாம்பரம், 1938

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த மறு ஆண்டே, 1938 டிசம்பரில், அதன் வளாகத்தில் அனைத்துலக மிஷனரி மன்றம் கூடியது. டச்சு இறையியலாளர் ஹென்ட்ரிக் கிரேமர் எழுப்பிய பிற சமயங்கள் பற்றிய விவாதமே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. இறுதிக்காலம் பற்றிய பிளவும் அங்கேதான் வெளிப்பட்டது. ஹிட்லர் ஆட்சியிலிருந்து வந்த ஜெர்மன் பேராளர்கள் தனி அறிக்கை தந்தனர்: எந்தச் சமூகத் திட்டமும் இறையாட்சியைக் கொண்டுவராது, புதிய வானத்தையும் பூமியையும் இறைவனே படைப்பார். முடிவை மெய்யான இறைச்செயலாகக் கொண்ட அவர்கள் அதற்கு நாள் குறிக்கவில்லை.

மாநாட்டையொட்டி வெளியான ‘ரீதிங்கிங் கிறிஸ்டியானிட்டி இன் இந்தியா’ தொகுப்பில் இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனையாளர் பி. செஞ்சையா மற்றொரு முனையில் நின்றார். கிறிஸ்துவில் புதிய படைப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்பது அவர் நிலை. வானத்தில் அடையாளம் தேடும் தேவையே அதில் எழவில்லை.

இரத்த நிலவுகள்

2014, 2015இல் பஸ்கா, கூடாரப் பண்டிகை நாள்களில் அடுத்தடுத்து நிகழ்ந்த நான்கு முழுச் சந்திர கிரகணங்களை இஸ்ரவேலுக்கான அடையாளமாக அமெரிக்கப் போதகர் ஜான் ஹேகி முன்கூட்டியே 2013இல் எழுதினார். ஆனால் அந்த நான்கில் ஒன்றன் முழு மறைவுகூடத் தாம்பரத்திலிருந்தோ அருகிலுள்ள பல்லாவரத்திலிருந்தோ தெரியவில்லை. முதலாவது நிகழ்ந்தபோது இங்கே பட்டப்பகல். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் முழு மறைவு முடிந்த பிறகே நிலா உதித்தது. நான்காவதில் முழு மறைவுக்கு முன்பே நிலா அஸ்தமித்துவிட்டது. உலகம் முழுவதற்குமான எச்சரிக்கை என்று இவற்றைப் பிரசங்கிப்பவர் இந்த எளிய வானியல் உண்மைக்கு விடை சொல்ல வேண்டும்.

முடிவுரை

உருவக வாசிப்பு அறிவியலுக்கு அஞ்சிப் பின்னால் செய்துகொண்ட சமரசம் அன்று. வேதத்துக்குள்ளேயே அதற்கு இடமுண்டு. சூரியன் இருளும் என்று ஏசாயா 13 பேசுவது பாபிலோனின் வீழ்ச்சியை. எசேக்கியேல் 32 பேசுவது எகிப்தின் பார்வோனை. யோவேலின் வாக்கைப் பெந்தெகொஸ்தே நாளில் நிறைவேறியதாகப் பேதுரு எடுத்துக்காட்டுகிறார். அதனால் நேர்ப்பொருள் வாசிப்பு முற்றும் தள்ளத்தக்கதாகிவிடாது என்பதற்கு 1938இன் ஜெர்மன் அறிக்கையே சான்று. தேதி குறிக்கும் வாசிப்புதான் இரண்டிலும் சேராதது. அந்த நாளையும் நாழிகையையும் ஒருவரும் அறியார் என்கிறது மத்தேயு 24. எழுத்தின்படி வாசிப்பதாகச் சொல்பவர்கள் முதலில் எழுத்தின்படி கைக்கொள்ள வேண்டிய வசனம் அதுவே.